நீ போய்ப் பாத்தியா? – இரவு வானில் தெரியும் வெளிச்சத்தை விசாரிப்பது எப்படி

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



நமது ஆண்டு மலரில் கவிதை வரும், சிறுகதை வரும், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிய ஜோக்கும் வரும். நான் ஒரு பாடக் கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். "கிளாஸிலதான் பாடம், மலரிலுமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பேயும் உண்டு.

முதலாம் ஆண்டு முடிந்து லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அப்பத்தா தன் பழைய கதையை எடுத்தது. கல்யாணமாகி வந்த புதுசில் கண்மாய்ப் பக்கம் ராத்திரியில் ஒரு வெளிச்சம் தெரியுமாம். ஆளில்லாமல் தானாக நகருமாம், நிற்குமாம், பட்டென்று அணையுமாம். கொள்ளிவாய்ப் பிசாசு!

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சும்மா இருப்பேனா? "அப்பத்தா, அதெல்லாம் பேய் இல்ல. செடி கொடி தண்ணிக்குள்ள அழுகி மீத்தேன்னு ஒரு வாயு வரும். அதுதான் எரியுது" என்று பெரிய வாத்தியார் மாதிரி சொன்னேன்.

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது: "வாயுன்னே வச்சுக்குவோம்டா பேராண்டி. அதை யாரு பத்த வைக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கேள்வியும் வந்தது. "நான் பாத்தேன். நீ போய்ப் பாத்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அப்பத்தா கேட்டது நியாயமான கேள்வி. மீத்தேன் தானாகத் தீப்பிடிக்க 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெப்பம் வேண்டும். மார்கழி மாதக் கண்மாயில் அந்த வெப்பம் ஏது? அழுகலில் உண்டாகும் பாஸ்பரஸ் வாயுக்கள் பற்ற வைக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. ஆனால் அது இன்றுவரை முடிந்த முடிவு அல்ல. ஆக, அப்பத்தா ஒரு பெயர் சொன்னது, நான் வேறொரு பெயர் சொன்னேன். இரண்டு பேருமே சோதித்துப் பார்க்கவில்லை. என் பெயர் புத்தகத்தில் அச்சாகியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்த விஷயத்தைத் தேடிப் படித்தபோது, இதே சண்டை அமெரிக்காவிலும் நடந்திருப்பது தெரிந்தது. அதையும், அதிலிருந்து சிவில் மாணவனாக நான் கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1966: "சதுப்பு வாயு"

அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிகளை ஒட்டி இருக்கும் மாநிலம் மிச்சிகன். 1966 மார்ச் மாதம் அங்கே டெக்ஸ்டர் என்ற ஊர்ப் பக்கமும், ஹில்ஸ்டேல் கல்லூரியின் மாணவியர் விடுதிப் பக்கமும் இரவில் விநோத வெளிச்சங்கள் தெரிந்தன. பார்த்தவர்களில் மாணவிகள் உண்டு, போலீஸ்காரர்களும் உண்டு. ஊரே பரபரத்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்க விமானப்படை 'புளூ புக் திட்டம்' என்ற பெயரில் இப்படிப்பட்ட தகவல்களை விசாரித்து வந்தது. அதன் ஆலோசகர் ஆலன் ஹைனெக் என்ற வானியல் பேராசிரியர். அவர் நேரில் வந்தார். சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் முன் பேச வேண்டியதாயிற்று. இந்த இரண்டு இடத்துக்கும் சதுப்பு வாயு காரணமாக இருக்கக்கூடும் என்றார். தன்னால் அதை நிரூபிக்க முடியாது என்றும் சேர்த்தே சொன்னார். ஆனால் பத்திரிகைகள் "சதுப்பு வாயு" என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. நாடு முழுக்கக் கேலி. பார்த்தவர்களுக்கோ அவமானம். 'எங்களை என்ன முட்டாள்கள் என்று நினைத்தீர்களா?' என்று கோபம். அந்த மாநிலத்தைச் சேர்ந்த ஜெரால்டு போர்டு (பின்னாளில் ஜனாதிபதி ஆனவர்) நாடாளுமன்றத்தில் விசாரணை வேண்டும் என்று கேட்டார். ஏப்ரலில் விசாரணையும் நடந்தது.

ஹைனெக் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. சோதனை முடியும் முன்பே பெயர் வெளியே போய்விட்டது. அதனால் சொன்னவருக்கும் நிம்மதி இல்லை, கேட்டவருக்கும் நிம்மதி இல்லை. எங்கள் வாசலில் நடந்ததும் இதுதானே!

2010: மாணவர்கள் போய்ப் பார்த்தார்கள்

அதே மிச்சிகன், அதே 1966. ஆனால் இது மாநிலத்தின் வடகோடி. பால்டிங் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் காட்டுக்குள், மின்கம்பி போவதற்காக மரங்களை வெட்டிய நீண்ட வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியின் கடைசியில் ராத்திரியில் ஒரு வெளிச்சம் தெரிகிறது என்று சில இளைஞர்கள் போலீசில் சொன்னார்கள். அன்று முதல் அது 'பால்டிங் வெளிச்சம்' ஆகிவிட்டது. பெருகும், மங்கும், சில சமயம் சிவப்பாகும், திடீரென்று மறையும். ரயிலை நிறுத்தப் போய் அடிபட்டுச் செத்த ஒரு ரயில்வே தொழிலாளியின் ஆவி கையில் விளக்கோடு அலைகிறது என்று கதை பரவியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வர ஆரம்பித்தது.

44 வருஷம் கழித்து, 2010-ல், மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இதை விசாரிக்கக் கிளம்பினார்கள். ஒளியியல் பொறியாளர் சங்கம் ஒன்றின் மாணவர் கிளையைச் சேர்ந்தவர்கள். தலைமை தாங்கியவர் ஜெரமி பாஸ் என்ற மின்னியல் ஆராய்ச்சி மாணவர். நம்மைப் போன்ற பொறியியல் பிள்ளைகள்தான் என்பதைக் கவனியுங்கள்!

அவர்கள் செய்தது மூன்று காரியம்.

முதலில், எல்லோரும் நின்று பார்க்கும் அதே இடத்தில் ஒரு டெலஸ்கோப்பை வைத்தார்கள். வெறுங்கண்ணுக்கு ஒற்றை வெளிச்சமாகத் தெரிந்தது, டெலஸ்கோப்பில் ரோட்டில் வரும் வாகனங்களாகத் தெரிந்தது. ரோட்டோரம் நட்டிருந்த அறிவிப்புப் பலகைகூடத் தெரிந்தது. அது யு.எஸ். 45 நெடுஞ்சாலை. தூரம் நாலரை மைல், அதாவது ஏறத்தாழ 7 கிலோமீட்டர்.

இரண்டாவது, அதோடு நிறுத்தாமல் தாங்களே ஒரு காரை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டின் குறிப்பிட்ட பகுதியில் ஓட்டினார்கள். விளக்கை விட்டு விட்டு எரியச் செய்தார்கள்.

மூன்றாவது, பார்வை இடத்தில் நின்றவர்கள் 'ஆவி' அதே மாதிரி கண் சிமிட்டுகிறதா என்று பார்த்தார்கள். சிமிட்டியது!

இந்த இரண்டாவது, மூன்றாவது காரியங்கள்தான் முக்கியம் என்பது என் கருத்து. "கார் லைட்டாக இருக்கும்" என்று ஊருக்குள் முன்பே பலர் சொல்லியிருப்பார்கள். சொல்வது சுலபம். காரில் விளக்கைச் சிமிட்டியும் பால்டிங் வெளிச்சம் சிமிட்டாமல் இருந்திருந்தால், மாணவர்கள் தோற்றிருப்பார்கள். தோற்க வாய்ப்புள்ள சோதனைதான் சோதனை.

நம் சர்வே பாடம் என்ன சொல்கிறது?

நண்பர்களே, இதில் நமக்குத் தெரியாத கணக்கு எதுவும் இல்லை.

ஒன்று: இரண்டு விளக்கு ஏன் ஒன்றாகத் தெரிகிறது? நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்கக்கூடிய சிறிய கோணம் ஏறத்தாழ 1 நிமிடம். (நம் லேபில் இருக்கும் வெர்னியர் தியோடலைட் 20 விநாடி வரை காட்டும். கண்ணை விட அது மூன்று மடங்கு கெட்டிக்காரன்!) காரின் இரண்டு முன் விளக்குக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 நிமிடக் கோணத்தின் டேன் மதிப்பு 0.00029. 1.5-ஐ அதனால் வகுத்தால் சுமார் 5,150 மீட்டர். அதாவது 5 கிலோமீட்டர் தாண்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 7 கிலோமீட்டரில் அந்தக் கோணம் முக்கால் நிமிடம்கூட இல்லை. இருட்டில் கண் கூசும் என்பதால் நடைமுறையில் இன்னும் முன்னதாகவே ஒன்றாகிவிடும். ஒற்றை வெளிச்சம் என்றதும் "கார் என்றால் இரண்டு லைட் இருக்குமே" என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

இரண்டு: வெளிச்சம் வளைந்து வருமா? லெவலிங் பாடத்தில் வளைவுத் திருத்தம், ஒளிவிலகல் திருத்தம் என்று படித்தோமே, பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே, அதேதான். பூமியின் வளைவுக்கு 0.0785 தூர வர்க்கம். 7 கிலோமீட்டருக்கு 3.85 மீட்டர். ஒளி காற்றில் கீழ்நோக்கி வளைவதால் அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 0.55 மீட்டர் குறையும். மிச்சம் 3.30 மீட்டர். நாம் 'ஏழில் ஒரு பங்கு' என்று எடுப்பது சாதாரணக் காற்றுக்கு. இரவில் தரை குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நின்றால் ஒளி இன்னும் அதிகம் வளையும். பால்டிங்கில் அவ்வளவு தூரத்து வெளிச்சம் நிலையாகத் தெரிவதற்கு இந்தக் காற்றடுக்கு உதவியிருக்கலாம் என்று அந்த மாணவர் குழுவும் கருதியது.

மூன்று: அது ஏன் நகர்கிறது? இருட்டில் ஒரே ஒரு புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அசையாத வெளிச்சமும் அசைவது போலத் தெரியும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ சுவரோ இல்லாததால் கண் தடுமாறுகிறது. 1935-ல் முசாபர் ஷெரிப் என்ற உளவியல் அறிஞர் இதை வைத்து ஒரு சோதனையே செய்தார். இருட்டறையில் அசையாத ஒரு வெளிச்சத்தைக் காட்டி, எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டார். தனித்தனியாகக் கேட்டபோது ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். கூட்டாக உட்கார வைத்துக் கேட்டபோது, போகப் போக எல்லோர் அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தது! யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்ததைத்தான் சொன்னார்கள். "பத்துப் பேர் ஒரே மாதிரி சொல்றாங்களே" என்பது சாட்சி ஆகாது. பத்துப் பேரையும் தனித்தனியாகக் கேட்டோமா என்பதுதான் கேள்வி.

2004: வண்டியை எண்ணினார்கள்

டெக்சாஸ் மாநிலத்தில் மார்பா என்று ஒரு பாலைவன ஊர். அங்கேயும் இதே போல் 'மார்பா வெளிச்சம்' பிரபலம். ஊருக்குக் கிழக்கே நின்று தென்மேற்கு மலைப் பக்கம் பார்த்தால் தெரியும். 2004 மே மாதம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் பிரிவைச் சேர்ந்த இயற்பியல் மாணவர்கள் நான்கு நாள் அங்கே தங்கி விசாரித்தார்கள். யு.எஸ். 67 நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளைக் கருவி வைத்து எண்ணினார்கள். நாம் டிராபிக் சர்வே செய்வோமே, அது போல. வண்டி அதிகமான நேரத்தில் வெளிச்சமும் அதிகம், குறைந்த நேரத்தில் குறைவு. வெளிச்சம் நகர்ந்த கோடும் அந்த ரோட்டின் கோடும் ஒன்று. தங்கள் காரை அங்கே நிறுத்தி விளக்கைப் போட்டபோது, அதுவே ஒரு மார்பா வெளிச்சமாகத் தெரிந்தது. 2008-ல் வேறொரு பல்கலைக்கழகக் குழு வெளிச்சத்தின் நிறமாலையைப் படித்துப் பார்த்தது. அவர்களுக்கும் கார் விளக்கும் சின்னச் சின்ன நெருப்பும்தான் கிடைத்தன.

ஆனால் ஒன்று. 1883-லேயே ஒரு மாட்டுக்காரர் அங்கே வெளிச்சம் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அப்போது கார் ஏது? இன்றைக்குத் தெரிவது கார் விளக்கு என்று நிரூபித்துவிட்டதால், அன்றைக்குத் தெரிந்ததும் கார் விளக்கு ஆகிவிடாது. அது யாரோ மூட்டிய நெருப்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஒரு இடத்துக்கு ஒரு பெயர் இருப்பதால், அங்கே தெரிந்த எல்லா வெளிச்சமும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு காட்சியையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

நாமே விசாரிப்பது எப்படி?

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வெளிச்சக் கதை நிச்சயம் இருக்கும். விசாரிக்க ஆசைப்பட்டால், எனக்குத் தெரிந்த வரையில் வழிமுறை இது:

1. பார்த்தவரிடம் "என்ன பாத்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். "அது என்னன்னு நினைக்கிறீங்க?" என்பது கடைசிக் கேள்வி. எந்த மாதம், எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு நேரம், என்ன நிறம், எந்த மரத்துக்கு மேலே? தனித்தனியாகக் கேளுங்கள். சிரிக்காதீர்கள்.

2. பீல்டு புக் மாதிரி எழுதுங்கள். பீல்டு புக்கில் ரப்பர் போடக் கூடாது, தப்பென்றால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? இதற்கும் அதே விதி. நமக்குப் பிடிக்காத தகவலை அழித்துவிடக் கூடாது.

3. இரண்டு ஸ்டேஷனில் இருந்து பேரிங் எடுங்கள். பிளேன் டேபிளில் இன்டர்செக்ஷன் செய்வது போல, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் வெளிச்சம் இருக்கிறது. பக்கத்திலா, அடிவானத்துக்கு அப்பாலா என்பது அப்போதே தெரிந்துபோகும். மின்கம்பம், இரும்பு வேலிப் பக்கம் நின்று காம்பஸ் பார்க்காதீர்கள்.

4. மேப்பில் அந்தக் கோட்டை நீட்டுங்கள். வழியில் ரோடு, டவர், செங்கல் சூளை ஏதாவது இருக்கிறதா? வானத்திலும் தேடுங்கள். வெள்ளிக் கிரகம் அடிவானத்தில் பளிச்சென்று நிற்கும். சர்வதேச விண்வெளி நிலையம் சத்தமில்லாமல் சில நிமிடத்தில் கடந்து போகும். 2019 முதல் ஏவப்பட்டு வரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஏவிய சில நாட்களுக்கு மணி கோத்தது போல வரிசையாகப் போகும்.

5. கடைசியாக, அந்த வெளிச்சத்தை நீங்களே உண்டாக்கிப் பாருங்கள். ஒருவர் அங்கே விளக்கோடு, மற்றவர் இங்கே கடிகாரத்தோடு. முன்பே பேசி வைத்த நேரத்தில் சிமிட்ட வேண்டும். தனியாகப் போகாதீர்கள். கிணறும் பாம்பும் நிஜம்!

6. இவ்வளவும் செய்து விடை வரவில்லையா? ரிமார்க்ஸ் காலத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். வெட்கமில்லை. புளூ புக் திட்டம் முடிந்தபோது, 1947 முதல் 1969 வரை வந்த தகவல்கள் 12,618. அவற்றில் 701 'அடையாளம் தெரியாதவை' என்றே மூடப்பட்டன. தெரியவில்லை என்றால் வேற்றுக்கிரகவாசி என்று அர்த்தமில்லை, பேய் என்றும் அர்த்தமில்லை. தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

மறுபடியும் கண்மாய்க் கரையில்

இதையெல்லாம் படித்த பிறகு பொங்கல் லீவில் அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நான் பேசவில்லை, கேட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்பத்தாவைப் போல ஒரு சாட்சி கிடைக்காது! மார்கழி மாதம், கதிர் பால் பிடிக்கிற நேரம், ஊர் அடங்கின பிறகு, வாசலில் இருந்து பார்த்தால் தெற்கால, மடைக்கு அந்தப் பக்கம் இருந்த மூணு பனைக்கு நடுவே, ஆள் இடுப்பு உயரத்துக்கு, மஞ்ச வெளிச்சம், ஒரு வெத்தலை போடுற நேரம்.

ராத்திரி சித்தப்பாவோடு போனேன். செல்போன் காம்பஸ்தான் கருவி. பனையில் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அந்தத் திசையில் இப்போது ஒரு தார் ரோடு. தூரத்தில் மோட்டார் சைக்கிள் வரும்போது வெளிச்சம் தெரிகிறது, மறைகிறது. 'கண்டுபிடிச்சிட்டேன்!' என்று ஒரு நிமிஷம் குதித்தேன். பிறகு மார்பா நினைவுக்கு வந்தது. அப்பத்தா பார்த்த காலத்தில் அங்கே ரோடும் இல்லை, வண்டியும் இல்லை. அதைக் கோடு கிழித்துவிட்டு 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

காலையில் அப்பத்தாவிடம் சொன்னேன். "தெரியலன்னு சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் நடந்த?" என்று சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே சொன்னது: "அந்தக் காலத்துல தண்ணிக்கு அடிதடி நடக்கும். ராத்திரியில மடையத் தொறந்துவிட எவனும் அரிக்கேன் லைட்டோட வந்திருந்தாலும் வந்திருப்பான். பிசாசுன்னு நாங்க கதவைச் சாத்திக்கிட்டா அவனுக்கும் வசதிதானே..."

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பு உயரம், மஞ்ச வெளிச்சம், மடைக்குப் பக்கம், தண்ணீர் தேவைப்படும் மாதம். எல்லாம் பொருந்துகிறது. ஐம்பது வருஷமாகப் பிசாசு என்று சொன்ன அப்பத்தா, யாரும் அதட்டாமல், கேட்ட மரியாதைக்காகத் தானே யோசித்துச் சொன்ன காரணம் அது.

"அப்ப அதுதானா அப்பத்தா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? நானும் போய்ப் பாக்கலயே" என்றது.

பீல்டு புக்கில் அரிக்கேன் லைட்டைச் சேர்த்து எழுதினேன். 'தெரியவில்லை' என்பதை மட்டும் அடிக்கவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். ஊருக்குப் போகும்போது நாலு புதுப் பெயர்களைக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் வாயை அடைப்பது படிப்பு ஆகாது. போய்ப் பார்ப்பதும், அளந்து பார்ப்பதும், தோற்கத் துணிந்து சோதிப்பதும்தான் படிப்பு. அடுத்த லீவில் உங்கள் ஊர் வெளிச்சத்தை விசாரித்து வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் படிக்கக் காத்திருக்கிறேன்.